பாம்புப் பெட்டியும் மருந்து வாடையும்: இதெல்லாம் தெரியுமா?

பாம்பு கழித்த எச்சத்தை வைத்து ஒரு வைத்தியர் வேதியியல் நூல்களில் இடம்பிடித்தார், தெரியுமா? 1815ஆம் ஆண்டு! இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட் என்பவர், போவா பாம்பு ஒன்றின் காய்ந்த வெள்ளைக் கட்டியை எடுத்துப் பகுத்துப் பார்த்தார். அதில் பத்தில் ஒன்பது பங்கு யூரிக் அமிலம்! அதன்பிறகு ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் சுத்தமான யூரிக் அமிலம் தேவைப்பட்டால், பாம்பு வைத்திருப்பவர்களிடம் போய் எச்சம் கேட்டு வாங்கினார்கள். நம் இரைப்பையில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது என்று 1824இல் உலகுக்குச் சொன்னவரும் இதே பிரவுட்தான்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் மணலில் கிடக்கிற பெரியநீலாவணையில் இருப்பவர்களுக்கு இது எதற்கு? நம் பக்கத்தில் பாம்பை வளர்க்கிற வழக்கம் இல்லைதான். காட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள நம் நாட்டுச் சட்டமும் விடாது. 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற வனஜீவராசிச் சட்டம் அது. ஆனால் லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற நம் உறவுக்காரப் பிள்ளைகள் 'போல் பைத்தன்', 'கோர்ன் ஸ்நேக்' என்ற பாம்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். "மாமி, பெட்டி நாறுது, டெட்டோல் போட்டுக் கழுவலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். மாரி பிறந்து வெள்ளம் ஏறினால், இங்கேயும் குசினிக்குள் வந்த சாரையை யாரோ ஒருவர் வாளியில் போட்டு மூடி வைக்கத்தான் செய்கிறார். பெட்டியோ வாளியோ, உள்ளே இருப்பது உயிர். அது இருக்கும் இடத்தை எதைக் கொண்டு கழுவினோம் என்பதில் அந்த உயிர் தங்கியிருக்கிறது!

முதலில் அந்த வெள்ளைக் கட்டிக்கே வருவோம். பெட்டியின் மூலையில், கண்ணாடியோடு ஒட்டி, ஓரம் மஞ்சளாகி, நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டும். மீன் வாடைக்குச் செய்வதுபோல நம் கை உடனே தேசிக்காயைத் தேடும், அல்லது வினாகிரியை. பலிக்காது! யூரிக் அமிலம் புளிப்பில் கரைய மறுக்கும் பொருள். காரத் தன்மையில்தான் இளகும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு கரண்டி அப்பச்சோடா கலந்து, துணியை நனைத்து அந்தக் கட்டியின் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்துப் பாருங்கள். துடைத்தால் கையோடு வந்துவிடும்! ஆப்பத்துக்கு மா பொங்க வைக்கிற அதே அப்பச்சோடாதான்! வாடை போவதற்கும் அதுவே உதவும். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைத்து எடுத்தால் அந்த மூலை முடிந்தது.

சில பாம்புகள் எத்தனை நாள் மலம் கழிக்காமல் இருக்கும், தெரியுமா? ஆபிரிக்காவின் கபூன் விரியன் ஒன்று 420 நாட்கள் வைத்துக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள்! வயிற்றின் பின்பாதியில் அந்தப் பாரம் இருந்தால், பாய்ந்து கொத்தும்போது உடல் நிலைகுலையாமல் ஊன்றி நிற்கும் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். எல்லாப் பாம்பும் இப்படி இல்லை. சாரை போன்ற சுறுசுறுப்பான பாம்புகள் சீக்கிரமே கழித்துவிடும்.

ஆக, பாம்பு எப்போதாவதுதான் கழிக்கிறது, கழிப்பதும் பெரும்பாலும் காய்ந்த கட்டி. பிறகு ஏன் பெட்டி நாறுகிறது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: நாறவைப்பது தண்ணீர்! காய்ந்த யூரிக் அமிலத்துக்கு மணம் மிகக் குறைவு. அதில் ஈரம் பட்டதும் பக்டீரியா வேலையைத் தொடங்கி, அதை உடைத்து அமோனியாவாக்கிவிடும். மூக்கைச் சுருக்கவைக்கும் அந்தக் காட்டமான நெடி அமோனியாதான். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்திருக்கும், பெட்டிக்குக் காற்றோட்டம் போதாமல் இருக்கும், கீழே விரித்த தாள் ஊறிப்போயிருக்கும். நம் கரையோரத்தில் மார்கழி மாதம் உப்பே டப்பாவுக்குள் கசிந்து கட்டிபடுகிறது என்றால் பாம்புப் பெட்டி மட்டும் காய்ந்தா கிடக்கும்? நாற்றம் வந்தால் வாசனை தெளிப்பதற்கு முன் ஈரம் எங்கே என்று தேடுங்கள். பழைய வீரகேசரித் தாளை விரித்தாலே போதும். ஊறினால் உருவி எறிந்து புதுத் தாள் போடலாம். கடையில் விற்கிற வாசமுள்ள சீடர் மரச் சீவலை மட்டும் போடவே வேண்டாம். அந்த வாசம் வருவதே மரத்தின் எண்ணெயிலிருந்து. மூடிய பெட்டிக்குள் அது சுவாசக் குழாயை அரிக்கும்.

சுவாசம் என்றதும் இன்னொன்று! பெரும்பாலான பாம்புகளுக்கு ஒழுங்காக வேலை செய்வது ஒரே ஒரு நுரையீரல். வலப்பக்கத்து நுரையீரல் நீண்டு கிடக்கும், இடது ஒடுங்கிப்போய்விட்டது, சில இனங்களில் அடியோடு இல்லை. நமக்கு இருப்பதுபோல வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற உதரவிதானமும் கிடையாது. உள்ளே போன நெடியை நம்மைப்போல இருமித் தள்ள அதனால் முடியாது! அதோடு அதன் மூக்கு எப்போதும் தரையில். மருந்து துடைத்த இடத்திலிருந்து கிளம்பும் ஆவியை முதலில் வாங்குவது அந்த மூக்குத்தான்.

மூக்கை விடப் பெரிய சங்கதி நாக்கு. 1813இல் டென்மார்க்கின் லுட்விக் ஜேக்கப்சன் விவரித்த ஓர் உறுப்பு பாம்பின் மேலண்ணத்தில் இருக்கிறது. வெளியே நீட்டி அசைத்த நாக்கு, காற்றிலும் தரையிலும் ஒட்டியிருக்கும் வேதிப் பொருளின் துணுக்குகளை அள்ளிக்கொண்டு போய் அந்த உறுப்பில் சேர்க்கும். நாக்கு ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது? இடப்பக்கம் மணம் கூடவா, வலப்பக்கம் கூடவா என்று ஒரே அசைவில் அறிந்து திரும்புவதற்கு! கேர்ட் ஷ்வெங்க் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1994இல் இதை எழுதி விளக்கினார்.

2024இல் கனடாவில் செய்த சோதனை இதற்கும் மேலே போய்விட்டது! கார்ட்டர் பாம்புகளின் உடலிலிருந்து அவற்றின் சொந்த மணத்தைப் பஞ்சில் ஒற்றி எடுத்தார்கள். அதில் கொஞ்சம் ஒலிவ் எண்ணெயைக் கலந்து அவற்றின் முன்னாலேயே வைத்தார்கள். பாம்புகள் நின்று, அந்தக் கலப்பு மணத்தின் மேல் நெடுநேரம் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தன! தன் மணம் மாற்றப்பட்டிருக்கிறது என்பதை அவை கண்டுகொண்டன என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஒரு துளி ஒலிவ் எண்ணெயையே இப்படி ஆராய்கிற உயிரை, டெட்டோல் ஊற்றித் துடைத்த பெட்டிக்குள் விட்டு மூடுவது என்றால், புதுப் பெயின்ட் அடித்த அறைக்குள் நம்மைப் பூட்டி வைத்து அந்தச் சுவரை நக்கவும் சொல்வதற்குச் சமம்.

டெட்டோல் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. காயம் கழுவ எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது குளோரோசைலினோல் என்ற பீனோல் வகைப் பொருளும் பைன் எண்ணெயும். பீனோல் வகையும் பைன் எண்ணெயும் ஊர்வனவற்றின் பெட்டிக்கு வேண்டாம் என்றுதான் கால்நடை வைத்தியர்கள் சொல்கிறார்கள். தரை துடைக்கிற பீனைலுக்கும் அதே விதி.

மருந்து விஷயத்தில் பாம்பு எவ்வளவு மெல்லிய உயிர், தெரியுமா? பசிபிக் பெருங்கடலில் குவாம் என்றொரு தீவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல்களோடு வந்து சேர்ந்த பழுப்பு நிற மரப் பாம்பு இனம் ஒன்று, அந்தத் தீவின் காட்டுப் பறவைகளைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது. அதைக் கொல்ல அமெரிக்க அரசு கண்டுபிடித்த மருந்து என்ன? பரசிற்றமோல்! நாம் தலையிடிக்குப் போடுகிற பனடோல்தான்! 80 மில்லிகிராம் போதும், அந்தப் பாம்பு செத்துவிடும். 500 மில்லிகிராம் பனடோல் குளிசை ஒன்றில் ஆறில் ஒரு பங்குகூட வராது! செத்த சுண்டெலிக்குள் மருந்தை வைத்து, கடதாசிச் சரம் கட்டி, 2013இல் ஹெலிகொப்டரிலிருந்து இரண்டாயிரம் எலிகளைக் காட்டின் மேல் போட்டார்கள். சரம் மரக்கிளையில் சிக்கும், எலி தொங்கும், பாம்பு வந்து விழுங்கும்.

அதே பாம்பை வைத்து இன்னொரு சோதனையும் நடந்தது. எந்த வாசனை எண்ணெய் பட்டால் அது ஓடுகிறது என்று தெளித்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த முடிவில் கறுவா எண்ணெய் இருக்கிறது, லவண்டர் இருக்கிறது, ரோஸ்மேரி இருக்கிறது, சீடர் மர எண்ணெயும் இருக்கிறது. இலங்கையின் பெருமையான கறுவா! தெளித்ததும் பாம்பு துடித்து விலகியது. "இயற்கை மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று பெட்டிக்குள் வாசனை எண்ணெய் தெளிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பு தப்பி ஓட அந்தப் பெட்டிக்குள் இடமும் இல்லை.

நுளம்புச்சுருளும் அப்படித்தான். சுருளிலும், பிளக்கில் செருகுகிற திரவத்திலும், டெங்குக் காலத்தில் தெருத்தெருவாக அடிக்கிற புகையிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்திராய்டு வகை மருந்து. பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்காகச் செய்தது, பாம்பின் நரம்பையும் தாக்கும். அதுவும் உடல் குளிர்ந்திருக்கும்போது கூடுதலாகத் தாக்கும்! நமக்கு உடல்சூடு எப்போதும் ஒரே அளவு, பாம்புக்கு அப்படி இல்லையே. பாம்பின் செதிலுக்கிடையில் ஒட்டி இரத்தம் குடிக்கிற சிற்றுண்ணிகளைக் கொல்ல சிலர் இதே மருந்தைப் பெட்டியில் தெளிக்கிறார்கள். வைத்தியர் அளவு சொல்லாமல் அதைச் செய்தால் உண்ணியோடு பாம்பும் போய்விடும். புகை அடிக்கிற வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால், பெட்டியை உள்ளறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்துங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு புதுத் தண்ணீர் வையுங்கள்.

சரி, கிருமியைக் கொல்வது எப்படி? கொல்லத்தான் வேண்டும். பாம்பின் குடலில் சல்மொனெல்லா சாதாரணமாகவே இருக்கும். பாம்புக்கு ஒன்றும் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து. இங்கேதான் நம் ஊருக்கு நன்றாகத் தெரிந்த பொருள் கைகொடுக்கிறது: குளோரின்! 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்ட நாட்களை மறந்தவர் யார்? அந்த மணம் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கும். வீட்டில் துணி வெளுக்கிற வாசனை சேர்க்காத பிளீச்சில், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இருப்பதும் அதே குடும்பம்தான்.

ஆனால் வரிசை முக்கியம். மிக மிக முக்கியம்! பாம்பை வேறு பெட்டிக்கு, வேறு அறைக்கு மாற்றுங்கள். எச்சத்தை அள்ளி, சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அழுக்கு ஒன்றும் இல்லை என்ற பிறகுதான் பிளீச். ஏன் இந்தப் பிடிவாதம்? இரண்டு காரணம். அழுக்கு இருந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சம் வராது. இரண்டாவது காரணம் பயங்கரமானது. நீச்சல் குளங்களை ஆராய்ந்தவர்கள் 2014இல் கண்டது: யூரிக் அமிலமும் குளோரினும் சேர்ந்தால் டிரைகுளோரமைன், சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயுக்கள் பிறக்கின்றன! குளத்தில் யூரிக் அமிலம் வருவது மனிதரின் சிறுநீரிலிருந்து, வந்து கலப்பதும் கொஞ்சம். பாம்பு எச்சமோ கிட்டத்தட்ட முழுக்க முழுக்க அதே பொருள். ஊறி அமோனியா நெடி வீசுகிற பெட்டியில் நேரே பிளீச் ஊற்றினால் குளோரமைன் வேறு கிளம்பும். வினாகிரியோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயுவே வந்துவிடும். இவற்றை ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள்!

அளவு: ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர். நோய் வந்த பாம்பின் பெட்டி என்றால் பத்துப் பங்கு. அன்று கலந்ததை அன்றே பாவித்துவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் இறங்கும். பூசி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு தண்ணீர் விட்டு விட்டு அலச வேண்டும். எத்தனை முறை? மூக்கை உள்ளே வைத்து முகர்ந்தால் குளோரின் மணம் அறவே இல்லாமல் போகும் வரை. கடைசி அலசலுக்கு மீன்தொட்டிக் கடையில் விற்கிற குளோரின் நீக்கும் துளிகளைச் சேர்க்கலாம். அதில் பெரும்பாலும் இருக்கிற சோடியம் தயோசல்பேற்று மிச்சக் குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும்.

அதன்பிறகு வெயில்! நம்மிடம் கோடி கோடியாகக் கிடக்கிற வெயில்! குளோரினின் மிச்சத்தைச் சூரிய ஒளி உடைத்து, கொஞ்சம் உப்பை மட்டும் விட்டுவைக்கும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஒரு பகலில் காய்ந்துவிடும். பலகைப் பெட்டி மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் கணக்கில் ஆவியாக விடும். அதற்குப் பிளீச்சே வேண்டாம், கொதிநீர் ஆவியும் வெயிலும் போதும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வந்த பெட்டிக்கும் ஆவிதான், ஏனென்றால் குளோரினுக்கு அந்த ஒட்டுண்ணி அசையாது. கொதிக்கிற சூட்டுக்குச் சாகும்.

காய்ந்த பின்னும் பரப்பில் ஒட்டி நின்று கிருமியைக் கொல்வோம் என்று சில சுத்திகரிப்புத் திரவங்கள் போத்தலிலேயே பெருமைப்பட்டுக்கொள்ளும். பென்சல்கோனியம் குளோரைடு வகை அவை. ஒட்டி நிற்பதை நக்கப்போவது யார், அதன் மேல் வயிறு உரச ஊரப்போவது யார் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்பிரிட்டும் தின்னரும் இன்னொரு விதத்தில் கெடுதல். பாம்புத் தோல் தண்ணீரை உள்ளே பூட்டி வைப்பது செதிலால் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1980இல் கழற்றிய சட்டையைக் கரைப்பானில் கழுவிச் சோதித்தபோது உண்மை வெளியே வந்தது: பூட்டு என்பது தோலுக்குள் இருக்கிற மெல்லிய கொழுப்புப் படலம்! கொழுப்புப் போனதும் தண்ணீர் தாராளமாக வெளியேறியது. ஸ்பிரிட் கொண்டு துடைத்தால், முழுக்க ஆவியாகிப் பறந்த பிறகே பாம்பை உள்ளே விட வேண்டும்.

புதுப் பெட்டி வாங்கினாலும் கவனம்! கண்ணாடியை ஒட்டுகிற சிலிக்கன் பசை காய்கிறபோது வினாகிரி வாசம் வரும். உண்மையிலேயே வெளியேறுவது அசற்றிக் அமிலம்தான். அந்த வாசம் அடங்கும் வரை பெட்டி காலியாகவே திறந்து கிடக்கட்டும். வார்னிஷ் என்றால் வாரக் கணக்கு.

பாம்பு வைக்கிற பெட்டி என்றதும், நம் பக்கத்துக் கல்முனைக்கும் மாமல்லபுரத்துக்கும் ஒரு தொடர்பு சொல்லட்டுமா? புடையன் கடித்து நம் வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் ஒருவருக்கு ஏற்றுகிற விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. இந்தியாவின் அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பவர்கள், தமிழ்நாட்டில் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பழங்குடியினர்! 1972 வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்புப் போனபோது, பாம்பு ஆய்வாளர் ரொமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. அவர்கள் பாம்பை எதில் வைக்கிறார்கள், தெரியுமா? மண்பானையில்! அடியில் மணல், வாயில் பருத்தித் துணி கட்டி. விஷம் எடுத்து முடிந்ததும் பாம்பு காட்டுக்கே திரும்பிப் போகும். மண்பானை மூச்சுவிடும், ஈரத்தை இழுத்துக் காயவைக்கும், நெடி தேங்காது. சுட்ட மண்ணின் அந்தக் குணமே, மருந்து ஊற்றினால் எதிரியாகும். நுண்துளைக்குள் போனது லேசில் வெளியே வராது. அந்த மக்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் புளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிக் கிடந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ!

நம் ஊர் வாளிக்கு வருகிறேன். வெள்ளத்தோடு வந்த பாம்பு நாகமோ புடையனோ என்றால், அல்லது எது என்றே தெரியவில்லை என்றால், கிட்டப் போக வேண்டாம். தூரத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். பாம்பு தெரிந்தவர் ஒருவர் ஏற்கெனவே பிடித்துவிட்டார், அதிகாரிகள் வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்றால், எதில் வைப்பது? வயலுக்கு மருந்து அடித்த கான் வேண்டவே வேண்டாம்! எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம்! பூச்சிமருந்தைப் பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும். உரப்பையும் வேண்டாம், பெயின்ட் வாளியும் வேண்டாம், நப்தலின் உருண்டை கிடந்த பெட்டியும் வேண்டாம். அரிசி வாளி நல்லது, மண்பானை அதைவிட நல்லது. உள்ளே காய்ந்த பருத்திச் சாறன் துண்டு ஒன்று, மூடியில் துளைகள், வெயில் படாத நிழல். அது பயத்தில் குதச் சுரப்பியிலிருந்து நாற்றத் திரவம் பீச்சும், வாளி நாறும். நாறட்டும். "கொஞ்சம் பீனைல் தெளிச்சு விடு மனே" என்று வீட்டில் யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள்.

பாம்பு போன பிறகு வாளியைச் சவர்க்காரம் போட்டு வெளியே வைத்துத் தேய்த்து, மேலே சொன்ன அளவில் பிளீச் விட்டு, அலசி வெயிலில் கவிழ்த்துங்கள். குசினித் தொட்டியில் கழுவ வேண்டாம். கையை முழங்கை வரை சவர்க்காரத்தால் கழுவுங்கள். அந்த வாளியில் பிறகு குடிதண்ணீர் அள்ளவோ அரிசி போடவோ வேண்டாம். மாட்டுக்குக் கழுநீர் வைக்கவும் வேண்டாம், அடுத்த மாரிக்குப் பாம்பு வாளியாகவே இருக்கட்டும்.